நண்பகலில் பிரியும் கணக்குகள்

தரைக்கு அருகே காற்றில் ஓசோன் எவ்வளவு? ஒரே கேள்விக்குக் கம்ப்யூட்டர்கள் வெவ்வேறு விடை சொல்கின்றன. சித்தூர் - திருப்பதி சாலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து பார்த்தால், இது விஞ்ஞானிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் தகராறாக மட்டும் தெரியவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் பூதலப்பட்டைத் தாண்டி, சந்திரகிரி வருவதற்குள் காதங்கி என்ற கிராமம் வரும். சுற்றிலும் குன்றுகள், மாந்தோப்புகள், கடலைக் காடுகள். இங்கே, சுமார் 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆண்டெனாக்கள் நாற்று நட்டதுபோல் வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட எம்.எஸ்.டி. ராடார் இது. மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் வீசுகிறது என்று சொல்லும். ராடாரை மையமாக வைத்து வளர்ந்த நிலையம் 2005இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயரைப் பெற்றது. விண்வெளித் துறையைச் சேர்ந்தது. நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த காதங்கி, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது.

ராடார் பெரியது என்பதால் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். நம் கதை அதைவிட எளிமையான ஒரு கருவியைப் பற்றியது. ஒரு குழாய் வழியே வெளிக்காற்றை உறிஞ்சி, அதன் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று பார்த்து ஓசோனை அளக்கும் பெட்டி. 1993 முதல் 1996 வரை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் மனீஷ் நஜா, ஷ்யாம் லால் இருவரும் காதங்கியில் ஓசோனையும் அதை உண்டாக்கும் வாயுக்களையும் அளந்தார்கள். 2002இல் முடிவுகள் வெளியாயின. பின்னர் வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ஆய்வாளர்களும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களது கட்டுரை 2014இல் வந்தது.

ஓசோன் என்றதும் நமக்கு ஓட்டை ஞாபகம் வருகிறது. அது மேலே, 15 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பது. வெயிலின் கெடுதலான கதிர்களைத் தடுக்கும் குடை. அதே வாயு தரைக்கருகே வந்தால் குணம் மாறிவிடுகிறது. நுரையீரலை எரிச்சலூட்டும். இலைத் துளைகளுக்குள் புகுந்து பயிரை வாட்டும். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் கார்பன் டையாக்சைடு, மீத்தேன் இரண்டுக்கும் அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படுகிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர நிர்ணயம், எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறக்குறைய 50 பங்கு ஓசோன். கட்டுரையின் எஞ்சிய பகுதியில் 'பங்கு' என்று வருமிடமெல்லாம் இந்தக் கணக்கே.

இந்த ஓசோனை எந்தப் புகைபோக்கியும் வெளியே விடுவதில்லை. காற்றிலேயே சமைந்து வருகிறது. அதுதான் சிக்கலின் வேர்.

லாரிகளும் அனல்மின் நிலையங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. அவற்றில் நைட்ரஜன் டையாக்சைடை வெயில் உடைக்கிறது. உதிர்ந்த ஒற்றை ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடோ அதே ஓசோனைத் தின்று மீண்டும் டையாக்சைடாகிவிடுகிறது. இதோடு நின்றால் வரவும் செலவும் சரி. ஓசோன் பெரிதாகச் சேராது. ஆனால் நடுவே ஒரு மூன்றாவது ஆள் நுழைகிறது. பெட்ரோல் ஆவி, விறகடுப்புப் புகை, மரங்களே வெளிவிடும் ஐசோப்ரீன் போன்ற கரிமப் பொருட்கள் சிதையும்போது உண்டாகும் துண்டுகள், ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை டையாக்சைடாக மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. வரவு தொடர்கிறது, செலவு குறைகிறது. மதியத்துக்குள் ஓசோன் குவிந்துவிடும்.

இந்தச் சூத்திரத்தின் முக்கியப் பகுதியை 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் கலிபோர்னியாவில் இருந்த ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணம்! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் புகைமூட்டம் அவரை இந்தப் பக்கம் இழுத்தது. நகரமில்லாத இடங்களின் காற்றிலும் இதே வேதியியல் நடக்கிறது என்பது 1970களில்தான் பால் குரூட்சன் போன்றவர்களால் நிலைபெற்றது. ஓசோன் ஆய்வுக்காக 1995இல் மோலினா, ரோலண்ட் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

சமையலில் இரண்டு மூலப்பொருட்கள். ஒன்றைப் பாதியாக்கினால் பண்டமும் பாதியாகுமா? ஆகாது. நைட்ரஜன் ஆக்சைடு அளவுக்கு மீறி இருக்கும் நகர மையத்தில் அதைக் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் கூடவும் செய்யலாம். தின்பதற்கு ஆள் குறைந்துவிடுகிறது அல்லவா? 2020 ஊரடங்கில் வாகனங்கள் நின்று நைட்ரஜன் டையாக்சைடு சரிந்தபோது, உலகின் பல நகரங்களில் ஓசோன் ஏறியது இதனால்தான். கிராமத்தில் கதை வேறு. அங்கே நைட்ரஜன் ஆக்சைடு குறைவு என்பதால் அதைக் குறைத்தால் ஓசோனும் குறையும். அகமதாபாத்தில் மாலை ஆனதும் ஓசோன் மளமளவென்று இறங்குகிறது. காதங்கியில் மெதுவாகத்தான் இறங்குகிறது. தின்னும் வாயு அங்கே அவ்வளவு இல்லை.

ஆகவே எதைக் குறைப்பது, எங்கே குறைப்பது என்று சொல்ல வேண்டுமானால் மனக்கணக்கு போதாது. கம்ப்யூட்டர் மாடல் வேண்டும். (மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் ஒரு தலைவலி. 'மாதிரி' என்று எழுதினால், பரிசோதனைக்குப் புட்டியில் எடுத்த காற்றும் மாதிரிதான், கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கும் மாதிரிதான் என்றாகிவிடும். இரண்டையும் ஒப்பிடுவதே இந்தக் கட்டுரையின் வேலை என்பதால் மாடல் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

மாடல் வானத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டுகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன புகை வருகிறது, அடுத்த பெட்டியிலிருந்து காற்று எதைக் கொண்டுவருகிறது, வெயில் எவ்வளவு, என்ன வினை நடக்கும் என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு முன்னே நகர்கிறது. இதில் வேதியியல் பகுதியை முழுதாக எழுதுவது நடைமுறையில் சாத்தியமில்லை. பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று தொகுத்த விரிவான பட்டியலில் சுமார் 17,000 வினைகள் இருக்கின்றன. இந்தியா முழுவதற்கும் பல மாதங்களுக்கும் இதை ஓட்டுவது பெரிய கம்ப்யூட்டருக்கும் பாரம். எனவே சுருக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான கரிமப் பொருட்களை, ஒரே குணமுள்ளவற்றை ஒரே மூட்டையில் கட்டி, சில டஜன் மூட்டைகளாக்குகிறார்கள். ரேடம்-2 என்ற சுருக்கத்தில் சுமார் 150 வினைகள். மோசார்ட் என்பதில் ஏறக்குறைய 200. எதை எதோடு கட்டுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நியாயம். பொழிப்புரை எழுதுகிறவர் செய்கிற காரியம்தான். எதை விட்டார் என்பதைப் பொறுத்துப் பொருளும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

எவ்வளவு நகர்கிறது? இந்தியாவைப் பற்றி இதற்கு நேரான விடை 2017இல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அமித் சர்மா, சச்சின் குந்தே ஆகியோர், ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாருடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து செய்த ஆய்வு. வர்ஃப்-கெம் என்ற ஒரே மாடலை எடுத்துக்கொண்டார்கள். பருவமழைக்கு முந்தைய கோடைக் காலம். முதலில் வேதியியலை ரேடம்-2 என்று நிலையாக வைத்து, 'எங்கே எவ்வளவு புகை' என்ற பட்டியலை மட்டும் மூன்று முறை மாற்றினார்கள். பிறகு பட்டியலை மாற்றாமல் வேதியியலை மோசார்ட்டாக மாற்றினார்கள். தெற்காசியாவில் 15 நிலையங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள்.

24 மணி நேரச் சராசரியைப் பார்த்தபோது மூன்று பட்டியல்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம் என்று எழுதி முடித்திருக்கலாம். பகல் 11.30 முதல் மாலை 4.30 வரை தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் கணக்குகள் பிரிந்தன. ஒரு பட்டியல், மற்ற இரண்டையும்விடப் பொதுவாக 10 முதல் 30 பங்கு வரை அதிக ஓசோனைக் காட்டியது. அப்படி அதிகம் காட்டிய பகுதிகளில் கங்கைச் சமவெளியின் வடமேற்கும் மத்திய இந்தியாவும் மட்டுமல்ல, தென்னிந்தியாவும் உண்டு.

சராசரியில் ஒத்துப்போனது நண்பகலில் ஏன் பிரிகிறது? புகையை அதிகமாக எழுதிய பட்டியல் பகலில் ஓசோனைக் கூடுதலாகச் சமைக்கும். இரவில் அதே புகை ஓசோனைக் கூடுதலாகத் தின்னும். ஒருவர் காலையும் இரவும் பட்டினி கிடந்து மதியம் மூன்று பேர் சாப்பாட்டை ஒரே மூச்சில் முடிக்கிறார். இன்னொருவர் மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறார். மாதக் கணக்கில் இருவருக்கும் அரிசி ஒன்றுதான். வயிற்றுக்கு ஒன்றல்ல.

நண்பகலை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பயிர். ஓசோனால் விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடப் பெரிதும் பயன்படும் அளவுகோல் ஒன்று உண்டு: பயிர் வளரும் மூன்று மாதம், பகல் வேளையில் ஓசோன் 40 பங்கைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், தாண்டிய அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது. இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வயலில் நிஜமாக 45 பங்கு. மணிக்கு 5 வீதம் சேரும். மாடல் 10 பங்கு கூட்டி 55 என்கிறது. மணிக்கு 15. ஓசோன் கால் பங்குகூடக் கூடவில்லை; பயிரின் கணக்கில் மூன்று மடங்கு. 30 பங்கு கூட்டி 75 என்றால் மணிக்கு 35, அதாவது ஏழு மடங்கு. அளவீட்டில் சிறு பிழையாகத் தெரிவது, எல்லைக்கோட்டைத் தாண்டியதை மட்டும் எண்ணும்போது இப்படி ஊதிப்போகிறது.

2014இல் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த சச்சின் குடேயும் கூட்டாளிகளும், 2005ஆம் ஆண்டில் ஓசோனால் இந்தியா இழந்தது 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றும் 8 லட்சம் டன் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சொன்னார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 9 கோடியே 40 லட்சம் பேருக்குச் சோறு போடக்கூடிய தானியம் என்பதால் செய்தி பரவியது. பரவியபோது 'கூடவோ குறையவோ' உதிர்ந்துபோயிற்று. அது ஒரு மாடலின் விடை என்பதும் பின்னுக்குப் போயிற்று. ஆய்வாளர்கள் மீது குறையில்லை. அவர்கள் எழுதித்தான் வைத்தார்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவது நம் பத்திரிகைத் தொழிலின் பழக்கம்.

அந்த இழப்பு பெரும்பாலும் மத்திய, வட இந்தியாவில். சித்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு நெல்லைவிட நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். ஓசோனுக்கு வாடும் பயிர்களில் நிலக்கடலையும் ஒன்று என்பதை அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. காதங்கி அளவீடுகளின்படி மழைக்காலத்தில் ஓசோன் குறைவு, குளிர் விலகி வெயில் ஏறும் மார்ச் வாக்கில் அதிகம். அப்படியானால் வானம் பார்த்த ஆடிப் பட்டத்துக் கடலை தப்பித்துக்கொள்ளும். கிணற்றுப் பாசனத்தில் மார்கழி, தை தாண்டி நிற்கும் கடலை நேராக அதன் வாயில் போய் நிற்கும். எவ்வளவு அடி விழும் என்று சொல்ல நண்பகல் ஓசோனைத் துல்லியமாகச் சொல்லும் மாடல் வேண்டும். அங்கேதான் பட்டியல்கள் 10, 30 என்று பிரிகின்றன.

பட்டியல் என்பது எப்படித் தயாராகிறது? நாட்டில் எவ்வளவு டீசல் விற்றது, எவ்வளவு நிலக்கரி எரிந்தது என்ற மொத்தக் கணக்கை எடுத்து, மக்கள்தொகை, சாலை நீளம் போன்றவற்றை வைத்துக் கட்டம் கட்டமாகப் பங்கு போடுகிறார்கள். 2017 ஆய்வின் மூன்று பட்டியல்களும் முறையே 2006, 2010, 2012ஆம் ஆண்டு நிலவரங்கள். திருப்பதி போன்ற ஊர் இந்தப் பங்கீட்டில் எப்படி அடங்கும்? ஊரின் மக்கள்தொகை ஒன்று. தினமும் வந்து போகும் பல்லாயிரக்கணக்கான பக்தர்களும் அவர்களை ஏற்றிவரும் வண்டிகளும் வேறொன்று. சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் தோத்தாபுரி சீசனில் இரவு பகலாக ஓடும், பிறகு ஓய்ந்துவிடும். ஆண்டுக் கணக்கைப் பன்னிரண்டால் வகுத்தால் இது தெரியாது. 2022 செப்டம்பரில் திருமலை மலைப்பாதையில் மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. பழைய பட்டியலை வைத்து ஓடும் மாடலுக்கு அவை இன்னும் டீசல் பஸ்கள்தான்.

பட்டியல்களைச் சோதிக்கும் இடமாகக் காதங்கி பயன்பட்டதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2015இல் ஹரீஷ் காத்வியும் மற்றவர்களும் ஓசோனை அல்ல, கரித்துகளை எடுத்துக்கொண்டார்கள். காதங்கிக்கு வந்து சேரும் காற்று எங்கெங்கே அலைந்து வந்தது என்று கம்ப்யூட்டரில் பின்னோக்கித் தடம் பிடித்து, வழியில் மூன்று பட்டியல்கள் சொன்ன கரியைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்றிலும் கணக்கிட்ட கரி, கருவி அளந்த கரியைவிடச் சராசரியாகக் குறைவாகவே வந்தது. கரி வேதியியல் வித்தை காட்டாத சரக்கு. விட்டது விட்டபடி வந்து சேரும். அதிலேயே இந்தக் கதி என்றால் ஓசோன் எம்மாத்திரம்.

வேதியியலை மாற்றியபோது நடந்ததுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. மோசார்ட் வேதியியலில் தரை ஓசோன் இன்னும் ஏறியது. ஏறிய ஓசோன் தரையில் சமைந்ததல்ல. மேலே, உயரத்தில் கூடுதலாகச் சமைந்து, பகல் வெப்பத்தில் காற்று மேலும் கீழும் புரளும்போது இறங்கி வந்தது. வினைப்பட்டியலும் காற்றின் புரளலும் கைகோத்துச் செய்த வேலை. தரையில் மட்டும் கருவி வைத்திருப்பவருக்கு ஓசோன் கூடியது தெரியும். எந்தக் கதவு வழியாக வந்தது என்பது தெரியாது.

மாடல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும் வழக்கம் பழையது. பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழு, ஐ.பி.சி.சி., 1990களில் பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் ஒரே பரீட்சைத் தாளைக் கொடுத்தது: காற்றும் வேண்டாம், புகையும் வேண்டாம், ஒரு பெட்டிக் காற்றில் இன்னின்ன வாயு, இன்ன வெயில், ஓசோன் என்ன ஆகும்? 1997இல் வெளியான முடிவில், அப்படியும் விடைகள் வேறுபட்டன. முக்கியமான காரணங்களில் ஒன்று, வெயில் ஓசோனை என்ன வேகத்தில் உடைக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டது. 2006இல் 26 உலக மாடல்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்றும் வந்தது. இத்தகைய ஒப்பீடுகளில், பல மாடல்களின் சராசரியை எடுத்துக்கொண்டால் நிஜத்துக்கு நெருக்கமாக வருகிறது என்று ஆறுதல் சொல்வதுண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தவறு செய்தால் அந்த ஆறுதல் செல்லும். எல்லாரும் ஒரே பழைய புகைப் பட்டியலைப் பார்த்து எழுதினால், சராசரி எடுத்தாலும் அந்தத் தவறு அப்படியே இருக்கும்.

திருப்பதி நிலப்பரப்பு இவர்களுக்கு வைக்கும் பரீட்சை கொஞ்சம் கடினமானது. மாடலின் ஒரு கட்டம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலிபிரியில் படியேறத் தொடங்கும் பக்தரும், 3,550 படி ஏறிக் கோயில் வாசலில் நிற்பவரும் அதற்கு ஒரே கட்டத்தில் இருக்கலாம். திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர். ஊர் அதற்குப் பல நூறு மீட்டர் கீழே. மாடல் இரண்டையும் கலந்து ஒரே உயரமாக்கிவிடுகிறது. நிஜத்தில் இரவானதும் அடிவாரக் காற்று தரையோடு அடங்கிப்போகும். வண்டிப் புகை அங்கேயே தேங்கி ஓசோனைத் தின்றுவிடும். மலை உச்சி அந்த மூடிக்கு மேலே இருக்குமானால், பகலில் உண்டான ஓசோன் விடிய விடிய அங்கே மிச்சமிருக்கும். அபு மலை போன்ற இடங்களில் பகலுக்கும் இரவுக்கும் ஓசோனில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இல்லாதது இதனால்தான். சுற்றிலும் சேஷாசலம் காடு. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இலைகள் விடும் ஐசோப்ரீனும் கீழிருந்து வரும் வண்டிப் புகையும் சந்திக்கிற இடம்.

ஓசோன் மேலேயிருந்து இறங்குகிறதா, கீழே சமைகிறதா என்று ரேடமும் மோசார்ட்டும் தகராறு செய்கின்றன அல்லவா? அதைத் தீர்க்க, மலை மேல் ஒரு கருவியும் அடிவாரத்தில் ஒரு கருவியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். விடியற்காலை இரண்டும் என்ன காட்டுகின்றன, காற்று புரளத் தொடங்கும் ஒன்பது பத்து மணிக்கு அடிவார அளவு எவ்வளவு வேகமாக மேலே இருப்பதை எட்டிப் பிடிக்கிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். ஓசோனை மட்டும் அளந்தால் போதாது. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரிமப் பொருட்களையும் சேர்த்து அளக்க வேண்டும். 2017 ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் கேட்டதும் இதையே: மூலப்பொருட்களையும் பல நிலையங்களில் அளக்க வேண்டும், தெற்காசியாவுக்கென்று ஆண்டுதோறும் மாறும் நுணுக்கமான புகைப் பட்டியல் வேண்டும்.

திருமலையில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம் இருக்கிறது. முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளிக் காதங்கியில், மேலே காற்று எப்படிப் புரள்கிறது என்று பார்க்கும் ராடார் இருக்கிறது. ஒன்று மாநில அரசின் வாரியம், மற்றொன்று மத்திய அரசின் விண்வெளித் துறை. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் இரண்டுக்கும் வந்து சேரும் புகையில் ஒரு பங்கு சென்னையினுடையதாக இருக்கலாம். அதன் கணக்கு மூன்றாவதாக இன்னொரு மாநிலத்தின் வாரியத்திடம் இருக்கிறது.